இரண்டாம் நிலை அழுத்தம்

ஒருவர் ஆங்கிலம் பேசுகிறார் என்பதற்கு, அவர் ஆங்கிலம் பேசுவதை மட்டும் ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது என்று சுற்றறிக்கையின் இரண்டாவது பத்தி தெளிவாகச் சொன்னது. மனபே சுமிகோ அதை மூன்று தடவை படித்தாள். மினோஉரா படகுத்துறையில் இருபத்திரண்டு வருஷமாக மைக்கின் முன்னால் உட்கார்ந்து, எந்தத் தீவுக்கு எந்தப் படகு, எத்தனை மணிக்கு, எந்தத் துறையில் என்று ஜப்பானியத்திலும் ஆங்கிலத்திலும் சொல்லிக்கொண்டிருப்பவள் அவள். மூன்றாவது பத்தி இன்னும் தெளிவு. வருகிற ஏப்ரல் ஒன்றாம் தேதியிலிருந்து, 'அகில நாட்டு ஆங்கில அசைப்பிரிப்பு மற்றும் அழுத்த நிர்ணயப் பேரவை' வழங்கும் இரண்டாம் நிலைச் சான்றிதழ் இல்லாத எவரும் ஆங்கில அறிவிப்பு செய்யக் கூடாது. சான்றிதழ் இல்லாதவர்கள் வண்டிகள் ஏறும் பாதையில் கொடி பிடிக்கும் வேலைக்கு மாற்றப்படுவார்கள்.

சுமிகோ கல்லூரிப் படி மிதித்தவள் இல்லை. அவளுடைய ஆங்கிலம் பயணிகளிடம் கேட்டுக் கேட்டு வந்தது. எந்தச் சொல்லை எங்கே தூக்கி, எங்கே இறக்கினால் வெள்ளைக்காரன் தலையை நிமிர்த்துகிறான் என்று கவனித்துக் கவனித்துச் சேர்த்தது. ஒரு புயல் நாளில் எண்பது வெளிநாட்டுக்காரர்கள் துறையில் மாட்டிக்கொண்டு முழித்தபோது, ஏழே நிமிஷத்தில் அத்தனை பேரையும் பேசிப் பேசியே கடைசிப் படகில் ஏற்றியவள். அன்றைக்குப் படகுத் தலைவர் அறைக்கே வந்து குனிந்து வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். எந்தச் சொல்லில் எத்தனை அசை என்று அன்றைக்கு ஒருத்தரும் கேட்கவில்லை.

சுற்றறிக்கையை எடுத்துக்கொண்டு நேராகப் பிரிவுத் தலைவர் ஒச்சியிடம் போனாள்.

"என்ன ஒச்சி-சான் இது? நான் பேசறது புரியலன்னு யாராவது புகார் குடுத்தாங்களா?"

"சேச்சே! இருபத்திரண்டு வருஷத்துல ஒரு புகார் கிடையாது. பிரச்சினையே அதுதான். புகார் வந்திருந்தா அதுக்கு ஒரு ஃபைல் இருக்கும். விசாரிச்சோம், திருத்தினோம், நல்லாயிருக்குன்னு ஒரு பேப்பர் இருக்கும். இப்ப நீங்க நல்லாப் பேசறீங்கங்கறதுக்கு நம்மகிட்ட ஒரு பேப்பரும் இல்ல பாருங்க."

"அதுக்காக இந்த வயசுல பரீட்சையா?"

"மைக் உங்களோடதுதான் மனபே-சான். அதுல எள்ளளவும் சந்தேகம் வேணாம். இது சும்மா ஒரு சம்பிரதாயம். சான்றிதழை மட்டும் வாங்கிட்டு வந்துடுங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்."

"நிஜமா?"

"நாம ரெண்டு பேரும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவங்க. என்னை நம்பாம வேற யாரை நம்புவீங்க?"

ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள் என்றால் அந்த நாட்டில் ஏறக்குறைய உடன்பிறப்பு மாதிரி. முதல் நாள் மழையில் நனைந்தபடி இரண்டு பேரும் ஒன்றாக நின்று சீருடை வாங்கியவர்கள். சுமிகோவுக்கு மனசு லேசாகிவிட்டது. அன்று சாயங்காலமே விண்ணப்பத்தை நிரப்பி அனுப்பினாள்.

பேரவையின் கிளை அலுவலகம் ரயிலில் ஒன்றரை மணி நேரம் தள்ளி, ஒரு கட்டடத்தின் ஆறாவது மாடியில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் பயிற்சி வகுப்பு. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனதும் முதலில் கண்ணில் பட்டது சுவரில் தொங்கிய பெரிய பலகை: 'அமைதி. இங்கே ஆங்கிலம் நடக்கிறது.'

மாணவர்கள் பதினான்கு பேர். சுமிகோவுக்குப் பக்கத்தில் கிரஹாம் உட்கார்ந்திருந்தார். இங்கிலாந்துக்காரர். எதிர்த் தீவில் ஒரு எலுமிச்சைத் தோட்டக்காரியைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு பதினாறு வருஷமாக எலுமிச்சை வளர்க்கிறவர், தினமும் சுமிகோவின் குரலைக் கேட்டுத்தான் படகு பிடிப்பார். தீவு ஆரம்பப் பள்ளியில் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு நாள் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போனவரிடமும் சான்றிதழ் கேட்டுவிட்டார்களாம். ஜப்பானியத்தைத் தீவு மீனவர்களிடம் கற்றதால், அவர் வாயைத் திறந்தால் வலை இழுக்கிற பேச்சுதான் வரும்.

"நீயுமா வந்து மாட்டிக்கிட்ட?" என்றார். "நான் பொறந்ததே அந்த பாஷையிலதான்னு சொன்னேன். பொறப்புச் சான்றிதழ்ல நிலை எதுவும் போடலியேங்கிறான் அந்தப் பள்ளிக்கூடத்து ஆளு."

பேரவைத் தலைவர் இசோகாய் சென்செய், அதாவது இசோகாய் ஆசான், மேடையேறினார். வெள்ளைக் கையுறை போட்டிருந்தார். மைக் இருந்தும் அதை அணைத்துவிட்டு, தம் தாய்மொழியிலேயே மெல்லிய குரலில் பேசினார்.

"ஆங்கிலச் சொல்லுங்கறது ஒரு மீன் மாதிரி. அதுக்கு முள் எங்க இருக்குன்னு தெரிஞ்சவனுக்குத்தான் அதை வெட்டத் தெரியும். மீன் நீந்தறதை வேடிக்கை பாக்கறவனுக்கு முள்ளு தெரியாது. இந்த ஆங்கிலேயர்கள், அமெரிக்கர்கள் எல்லாம் என்ன பண்றாங்க? சொல்லை நீந்த விட்டுடறாங்க. அவங்களுக்கு அது பழக்கம், அவ்வளவுதான். ஆதாரம் கிடையாது. நான் நாற்பத்தொரு வருஷமா இந்தத் துறையில இருக்கேன். இது வரைக்கும் ஒரு ஆங்கிலச் சொல்லைக் கூட வாயால தொட்டு அசுத்தப்படுத்தினதில்ல."

எல்லோரும் தலை குனிந்து அந்தத் தூய்மைக்கு மரியாதை செலுத்தினார்கள். சுமிகோவும்தான்.

பயிற்சி ஆரம்பமாயிற்று. கையேட்டில் எண்ணூற்று நாற்பது நீளச் சொற்கள். ஒவ்வொன்றையும் அசை அசையாக வெட்ட வேண்டும். வெட்டுவதற்குச் சிவப்புப் பென்சில், பேரவையே விற்பது. அழுத்தம் விழும் அசையின் தலையில் நீலப் பென்சிலால் ஒரு சாய்கோடு. கோடு வலப்பக்கம்தான் சாய வேண்டும். இடப்பக்கம் சாய்ந்தால் விடை சரியாக இருந்தாலும் அரை மதிப்பெண். நேராக நின்றால் அது ஆணவம் என்று உதவியாளர் அம்மாள் சொன்னார்.

அசைகளை எண்ணுவதற்குக் கைதட்டுவது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம். இங்கேயும் தட்டச் சொன்னார்கள், ஆனால் சத்தம் வரக் கூடாது. இரண்டு கையும் ஒன்றையொன்று தொடுவதற்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றுவிட வேண்டும். 'ரெஸ்பான்ஸிபிலிட்டி' என்ற சொல்லுக்குப் பதினான்கு பேரும் ஆறு தடவை காற்றைத் தட்டினார்கள். வாசலில் சாப்பாடு கொண்டுவந்த ஆள் இதைப் பார்த்துவிட்டு, சமாதி வழிபாடு என்று நினைத்து வாசலிலேயே கண்ணை மூடி நின்றுவிட்டான்.

சுமிகோவுக்கு ஒரு கஷ்டம். சொல்லைப் பார்த்ததும் அது காதுக்குள் ஒலித்துவிடும். 'இன்டர்நேஷனல்' என்று எழுதியிருந்தால், நடுவில் குரல் ஏறுவது தானாகக் கேட்கும். அதை உதவியாளர் அம்மாளிடம் சொன்னபோது அவர் முகம் சுருங்கியது.

"கேக்குதா? எத்தனை நாளா?"

"ரொம்ப வருஷமா."

"விட்டுடுங்க. போகப் போகச் சரியாயிடும்."

ஜூலையில் முதல் பரீட்சை. இருநூறு பேர். வாயைத் திறந்தால் தகுதி நீக்கம். உச்சரித்தால் பக்கத்து ஆளுக்கு விடை தெரிந்துவிடுமாம். கண்காணிப்பாளர்கள் மஞ்சள் அட்டையோடு வரிசை வரிசையாக நடந்தார்கள். சுமிகோ பத்தொன்பதாவது கேள்வி வரை வந்துவிட்டாள். 'எம்பார்க்கேஷன்'. படகில் ஏறுதல். வாழ்நாளில் அவள் எத்தனை ஆயிரம் தடவை சொன்ன சொல்! உதடு அவளைக் கேட்காமல் அசைந்துவிட்டது. சத்தம் வரவில்லை, வெறும் உதடுதான். மஞ்சள் அட்டை மேசை மேல் வந்து விழுந்தது. அட்டை முதல் எச்சரிக்கைதான், அதோடு விட்டிருந்தால் பிழைத்திருப்பாள். ஆனால் தப்பு செய்தால் மன்னிப்புக் கேட்காமல் இருக்க அந்த ஊரில் பிறந்த ஒருத்தியால் முடியுமா? எழுந்து நின்று, இடுப்பு வரை குனிந்து, "மன்னிச்சுக்குங்க!" என்று சொல்லிவிட்டாள். இருநூறு பேர் திரும்பிப் பார்த்தார்கள். சிவப்பு அட்டை.

மன்னிப்புக் கேட்டது ஜப்பானியத்தில்தானே, அதில் என்ன விடை வெளியாகிவிடும் என்று அவள் கேட்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தாள். பத்து நிமிஷத்தில் கிரஹாமும் வந்து சேர்ந்தார்.

"உன்னை எதுக்குத் துரத்தினாங்க?"

"உதடு அசைஞ்சுது. உங்களை?"

"ஒரு சொல்லை மெல்லச் சொல்லிப் பாத்தேன். காப்பியடிச்சேனாம்."

"யாரைப் பாத்து?"

"என்னைப் பாத்துத்தான்! விடையைக் கையேட்டுல இருந்து எடுக்கணுமாம், வாயில இருந்து எடுத்தா அது வெளி உதவியாம்."

கிரஹாம் சும்மா விடுகிற ஆள் இல்லை. மேல்முறையீடு செய்தார். விசாரணையன்று துணைக்குச் சுமிகோவும் போனாள். இசோகாய் சென்செய் பச்சைத் தேநீர் கொடுத்து, பணிவாகவே பேசினார். 'கம்ஃபர்ட்டபிள்' என்ற சொல்லில்தான் தகராறு. கையேட்டில் நான்கு அசை.

"எங்க ஊர்ல ஒரு பயலும் நாலா சொல்ல மாட்டான், மூணுதான்," என்றார் கிரஹாம். "எங்கம்மா மூணு, எங்க பாதிரியார் மூணு."

சென்செய் வருத்தத்தோடு தலையசைத்தார். "அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனசு வரல. ஆனா ஒரு அசை காணாமப் போயிருக்கு கிரஹாம்-சான். எங்க கையேட்டுல இருக்கு, உங்க ஊர்ல இல்லேன்னா, அது உங்க ஊர்லதான் தொலைஞ்சிருக்கணும். எடுத்து வெச்சிருக்கறது நாங்க."

"அப்ப அந்தச் சொல்லை நீங்க ஒரு தடவை சொல்லிக் காட்டுங்க பாப்போம்."

சென்செய் கையுறையைச் சரிசெய்துகொண்டார்.

"சட்டம் தெரிஞ்ச நீதிபதியைத் திருடிக் காட்டுன்னு கேப்பீங்களா?" என்றார்.

மேல்முறையீடு தள்ளுபடி. ஆனால் பேரவையின் சுவரொட்டியில் போட ஒரு வெளிநாட்டு முகம் தேவைப்படுகிறது, வந்து நிற்க முடியுமா என்று கிளம்பும்போது கேட்டார்கள். அதற்குக் கிரஹாம் சொன்ன மாதிரி ஒரு கெட்ட வார்த்தையைச் சுமிகோ மீன் ஏலத்தில் கூடக் கேட்டதில்லை.

தோற்றுப்போய் வந்த சுமிகோவை ஒச்சி தாங்கு தாங்கு என்று தாங்கினார். பயறுப் பூரணம் வைத்த மஞ்சு ஒரு பெட்டி வாங்கி வந்து மேசையில் வைத்தார். "ரெண்டாவது பரீட்சை நவம்பர்ல இருக்கு. படிக்கறதுக்குச் சனிக்கிழமையும் எடுத்துக்குங்க. உங்க முறையை நான் போடறேன்," என்றார். ஜப்பானிய அறிவிப்பைச் சனிக்கிழமைகளில் அவரே படித்தார், பாவம், தொண்டை கட்டிப்போகும் அளவுக்கு. சுமிகோ அவரைப் பற்றி வீட்டுக்காரரிடம் சொல்லிச் சொல்லி உருகினாள். "அந்த மனுஷன் இல்லேன்னா நான் எப்பவோ கொடியைப் பிடிச்சிருப்பேன்."

அவளும் வைராக்கியமாக இறங்கினாள். சொல்லைக் கேட்கக் கூடாது, பார்க்க வேண்டும், அவ்வளவுதான் சூட்சுமம். பின்னாலிருந்து எண்ணு. 'ஷன்' என்று முடிகிறதா, அதற்கு முந்தின அசையில் கோடு. 'கிராஃபர்' என்று முடிகிறதா, அதற்கு முன்னால் கோடு. சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று யோசித்தால் நேரம் வீண். அக்டோபரில் ஒரு நாள், மைக்கின் முன்னால் உட்கார்ந்து ஆங்கிலத்தில் ஆரம்பித்தவள் பாதியில் நின்றுவிட்டாள். கை மேசை மேல் காற்றைத் தட்டிக்கொண்டிருந்தது. வாயில் சொல் வரவில்லை, அசைகள் வந்தன. துறையில் நின்ற வெளிநாட்டுக்காரர்கள் முதல் தடவையாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சுமிகோ அவசரமாகக் கையை மடியில் இறக்கினாள். பரவாயில்லை, பரீட்சை முடியட்டும், பழைய காதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று தன்னையே தேற்றிக்கொண்டாள்.

நவம்பரில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. கிளையிலேயே முதலிடம். இரண்டு மதிப்பெண் ஒரு கோடு நேராக நின்றதால் போயிற்று. பட்டமளிப்பு மார்ச்சில், அதில் தேறியவர்கள் சார்பாக நன்றியுரை நிகழ்த்தும் பெருமையும் அவளுக்கே என்று தபாலில் செய்தி வந்தது. சுமிகோ அந்தத் தபாலைப் பையில் வைத்துக்கொண்டு, ஓடாத குறையாக அறிவிப்பு அறைக்கு வந்தாள்.

அறையில் ஒரு ஆள் ஏணி மேல் நின்று சுவரில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தான். மைக்குக்குப் பக்கத்தில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி.

"என்னங்க இது?"

"பேசற மெஷின்மா. நாலு பாஷை பேசும். ஏப்ரல் ஒண்ணுலேர்ந்து இதுதான்."

ஒச்சியின் அறைக்கு அவள் எப்படிப் போய்ச் சேர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. ஒச்சி அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "வாழ்த்துகள்! தொண்ணூற்றெட்டாமே! எனக்கு எவ்ளோ சந்தோஷம் தெரியுமா?"

"அந்தப் பெட்டி என்ன ஒச்சி-சான்?"

"ஓ. அதுவா? அது ஜூன்லயே முடிவானதுதானே."

"ஜூன்லயா? யாரு முடிவு பண்ணினாங்க?"

"நாம எல்லாரும்தான்," என்று ஒரு ஃபைலை எடுத்துப் பிரித்தார்.

அந்தக் கம்பெனியில் எந்த முடிவும் ஒரு தாளாகத்தான் பிறக்கும். கீழ் மேசையில் தொடங்கி மேசை மேசையாக ஏறும். ஒவ்வொருவரும் தன் சின்ன முத்திரையைக் குத்தி அடுத்தவருக்கு அனுப்புவார். படித்துப் பார்ப்பது மரியாதைக் குறைவு, மேலே அனுப்பியவரைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடும். முத்திரையையும் நேராகக் குத்தக் கூடாது, மேலதிகாரியின் முத்திரை இருக்கும் இடப்பக்கம் பார்த்துக் கொஞ்சம் சாய்த்துக் குத்தினால்தான் அது வணங்குகிற மாதிரி இருக்கும். தாளில் பதினொரு முத்திரைகள் வரிசையாகத் தலைவரைப் பார்த்துக் குனிந்திருந்தன. வலது ஓரத்தில், எல்லாவற்றையும் விட அதிகமாகக் குனிந்து, 'மனபே'.

"இது… இது எப்ப என்கிட்ட வந்துது?"

"மதியச் சாப்பாட்டுப் பட்டியலோட சேத்து வெச்சேன். நீங்க பதினாலு தாள்ல குத்தினீங்க அன்னைக்கு. நல்லா நிதானமா, அழகாக் குத்தியிருக்கீங்க பாருங்க."

"அப்ப என்னை எதுக்குப் பரீட்சைக்கு அனுப்பினீங்க? ஜூன்லயே தெரியும். ஜூலைல மஞ்சு வாங்கிக் குடுத்தீங்க. சனிக்கிழமை சனிக்கிழமை எனக்காகத் தொண்டை கட்டிக்கிட்டீங்க!"

ஒச்சிக்கு அந்தக் கேள்வியின் கோபம் உண்மையாகவே புரியவில்லை. குழந்தைக்குச் சொல்வது போலப் பொறுமையாகச் சொன்னார்: "மெஷினால பரீட்சை எழுத முடியாதே மனபே-சான். ஆங்கில அறிவிப்பு செய்யற இடத்துக்கு ஒரு இரண்டாம் நிலைக்காரர் பேர் வேணும்னு விதி. உங்க சான்றிதழ் இல்லேன்னா மெஷினுக்கு அனுமதி கிடைக்காது. அதான் ராத்திரி பகலா உங்களுக்காகப் பாடுபட்டேன்."

"மைக் என்னோடதுன்னு சொன்னீங்க."

"மைக்கை வேணும்னா எடுத்துக்குங்களேன். ஏப்ரலுக்கு அப்புறம் அது யாருக்கும் தேவையில்ல."

அதை அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. மைக்கைப் போட்டுக்கொள்ள ஒரு பையை எடுத்துக் கொடுக்கவும் செய்தார். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. கிண்டல் செய்திருந்தால் இரண்டு வார்த்தை திட்டிவிட்டு வந்திருப்பாள்.

மார்ச் வரை அவள் அந்த வயிற்றெரிச்சலோடு நடமாடினாள். ஒச்சி தினமும் குனிந்து காலை வணக்கம் சொன்னார், இவளும் குனிந்தாள், வேறு என்ன செய்வாள்? சான்றிதழை வாங்காமல் விட்டுவிடு என்றார் கிரஹாம். அதுவும் சரிதான் என்று பட்டது. அது இல்லாவிட்டால் பெட்டியும் பேசாது. ஆனால் ஒச்சியிடம் சொன்னால் முத்திரையைக் காட்டுவார். பேரவையில் சொன்னால் கேட்பார்கள் என்று நினைத்தாள். எப்படியும் நன்றியுரை ஆங்கிலத்தில். அங்கே கூடுகிற பேரவையின் நாற்பது அறிஞர்களும் வாயால்தான் பேச மாட்டார்கள், காது இருக்கும் அல்லவா? வாழ்நாளெல்லாம் அந்த பாஷையை வெட்டி வெட்டிப் பார்த்தவர்களுக்கு ஒரு வாக்கியம் கூடவா புரியாது? அந்த ஒரு நம்பிக்கை அவளிடம் மிச்சமிருந்தது.

பட்டமளிப்பு அன்று மண்டபம் நிறைய ஆட்கள். ஒச்சி கருப்புக் கோட்டு போட்டு முன்வரிசையில். வெளிநாட்டு விருந்தினர் என்ற ரிப்பனைக் குத்திக்கொண்டு கிரஹாம் நான்காவது வரிசையில், சுமிகோ கெஞ்சியதால் வந்தவர். நன்றியுரை என்றால் அங்கே வழக்கம் இதுதான்: ஆங்கில உரையை அசை பிரித்து, அழுத்தக் குறிகளோடு திரையில் காட்டுவார்கள், உரைக்கு உரியவர் பக்கத்தில் மௌனமாக நிற்பார், எல்லோரும் வாசித்துவிட்டுக் கைதட்டுவார்கள். பேரவையே எழுதிக் கொடுத்த உரை திரையில் வந்தது. சுமிகோ அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு மைக்கிடம் போய், அதன் பொத்தானை அழுத்தினாள்.

அப்புறம் பேசினாள். ஆங்கிலத்தில், வாயைத் திறந்து, சத்தமாக.

எனக்கு இந்தச் சான்றிதழ் வேண்டாம் என்றாள். இதைக் கொடுக்காதீர்கள், இதை வைத்து என் குரலைப் பிடுங்கப் போகிறார்கள் என்றாள். ஒச்சி என்கிற மனிதர், நான் கூடப் பிறந்தவர் மாதிரி நம்பியவர், என் முத்திரையை என்னிடமிருந்தே திருடினார் என்றாள். உங்களிடம் படிக்க வந்து என் காதைத் தொலைத்தேன், அதைத்தான் நீங்கள் திறமை என்கிறீர்கள் என்றாள். புயல் நாளில் பேசியது போலத்தான் பேசினாள். ஏற வேண்டிய இடத்தில் குரல் ஏறியது, இறங்க வேண்டிய இடத்தில் இறங்கியது, ஒரு சொல் பிசகவில்லை. காது திரும்பி வந்திருந்தது. பேசி முடித்தபோது அவள் கன்னமெல்லாம் ஈரம்.

இசோகாய் சென்செய் எழுந்து நின்றார். அவர் கண்களும் கலங்கியிருந்தன. கைதட்டினார், இந்தத் தடவை கை கையைத் தொட்டுச் சத்தம் வர. நாற்பது அறிஞர்களும் எழுந்தார்கள். மண்டபத்தில் இருந்த மற்ற எல்லோரும் எழுந்தார்கள். எல்லோருக்கும் மேலாக, முன்வரிசையில், ஒச்சி தட்டினார்.

கிரஹாம் ஒருவர் மட்டும் உட்கார்ந்தபடியே முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன உணர்ச்சி! என்ன நன்றியுணர்வு!" என்றார் சென்செய், அவள் கையில் வெல்வெட் உறையைத் திணித்தபடி. "அதை எழுத்துல குடுத்தா அழுத்தம் போட்டு வெச்சுப்போம். எத்தனை அசைன்னு பாக்க முடியல, ரொம்ப வேகம்."

வெளிக் கூடத்தில் ஒச்சி ஓடி வந்தார். "அப்பா, உடம்பே சிலிர்த்துடுச்சு மனபே-சான்! என் பேரையும் சொன்னீங்களே, ரெண்டு தடவை! அந்த வெள்ளைக்காரரைப் பாத்தீங்களா, ஒரு கைதட்டக் கூட மனசு வரல. மரியாதை தெரியாத ஆளு."

சுமிகோ அவரை நேராகப் பார்த்து, அவருக்குத் தெரிந்த பாஷையிலேயே சொன்னாள். "நீங்க என்னை ஏமாத்திட்டீங்கன்னு சொன்னேன். இந்தச் சான்றிதழ் எனக்கு வேணாம்னு சொன்னேன்."

ஒச்சியின் சிரிப்பு கொஞ்ச நேரம் முகத்தில் எங்கே இறங்குவது என்று தெரியாமல் நின்றது. பிறகு நிகழ்ச்சி நிரலை எடுத்துப் பார்த்தார், நிம்மதியாக மூச்சு விட்டார்.

"நல்ல வேளை. அது 'நன்றியுரை'ன்னுதான் பதிவாகியிருக்கு. அப்புறம், சான்றிதழ் உறைக்குள்ள இல்ல. நேரா கம்பெனிக்கே தபால்ல வந்துடுச்சு, நேத்தே மாட்டியாச்சு. கீழ துறைச் சுவர்ல ரெண்டு பாஷையிலயும் பலகை வெச்சிருக்கோம். 'குரலுக்குப் பொறுப்பு: மனபே சுமிகோ'. உங்களை நாங்க மறந்துடுவோமா?"

ஏப்ரல் ஒன்றாம் தேதி காலை ஏழே காலுக்குப் பெட்டி பேசியது. பேரவையின் கையேட்டுப்படி ஒவ்வொரு அசையும் தனித்தனியாக, சம இடைவெளி விட்டு, குறி போட்ட இடத்தில் ஒரு அலறல். துறையில் நின்ற வெளிநாட்டுக்காரர்கள் தீயணைப்பு ஒத்திகை என்று நினைத்து ஒதுங்கி நின்றார்கள். ஏழரைப் படகு பாதி காலியாகப் போயிற்று.

வண்டிப் பாதையில் மஞ்சள் கோட்டும் கொடியுமாக நின்ற சுமிகோவிடம் ஒரு வயதான வெளிநாட்டுத் தம்பதி பெட்டிகளை இழுத்துக்கொண்டு வந்தார்கள். அந்தப் பெண்மணிக்கு அழுகை முட்டிக்கொண்டிருந்தது. தீவில் மகளுக்குப் பிரசவமாம், இந்தப் படகுக்காகத்தான் விடியற்காலையில் கிளம்பி வந்தார்களாம். கிழவர் சுமிகோவின் சட்டையில் இருந்த பெயரைப் படித்தார், சுவரில் இருந்த பலகையைத் திரும்பிப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னத்தைச் சொல்ல! அவளுக்கு உடம்பு கூசிப்போயிற்று.

சுமிகோ கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். அடுத்த படகு எட்டு பத்துக்கு, மூன்றாம் துறையில், இந்தச் சீட்டே செல்லும், பதற வேண்டாம், எதிர்க்கரையில் இறங்கினால் ஆஸ்பத்திரி வாசலுக்கே பஸ் இருக்கிறது. இரண்டு வாக்கியத்தில் அந்தப் பெண்மணியின் முகம் தெளிந்துவிட்டது.

மேலே ஜன்னல் திறந்தது. ஒச்சி பாதி உடம்பை வெளியே நீட்டி, இரண்டு கையாலும் பெருக்கல் குறி காட்டினார்.

"மனபே-சான்! பேசாதீங்க, பேசாதீங்க! உங்க சான்றிதழ் உள்ள மெஷின்கிட்ட இருக்கு! அந்த இடத்துல நீங்க சான்றிதழ் இல்லாத ஆளு!"

"இவங்க படகை விட்டுட்டாங்க ஒச்சி-சான்!"

"அதுக்குப் புகார்ப் படிவம் இருக்கு! உங்க பேர்லதான் அடிச்சு வெச்சிருக்கோம், ஒண்ணு குடுங்க அவங்களுக்கு!"